ஃபத்வா: கேட்டவருக்குக் கிடைக்கும் விடை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஆங்கில நாளேடுகளில் 'ஃபத்வா' என்னும் சொல் எவ்வாறு ஆளப்படுகிறது என்பதைச் சில நாள் கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அச்சொல் தனித்து வருவதில்லை. 'பிறப்பிக்கப்பட்டது' என்று பொருள்படும் வினையும், 'எதிராக' என்று பொருள்படும் உருபும் அதனோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. பாடகி ஒருவருக்கு எதிராக ஃபத்வா, நடிகர் ஒருவருக்கு எதிராக ஃபத்வா, விளையாட்டு வீராங்கனை ஒருவருக்கு எதிராக ஃபத்வா என்றே செய்திகள் அமைகின்றன. 'கேட்டார்' என்னும் வினை அதன் அருகில் காணப்படுவது அரிது.

நம் இல்லங்களில் பெரியவர்கள் பேசும்போது அச்சொல் வேறு வினையோடு வருகிறது. "ஹஜ்ரத்திடம் ஃபத்வா கேட்டு வாருங்கள்" என்பதே அவர்களின் வழக்கு. கேட்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு தேவை இருக்கிறது. அத்தேவைக்கு அறிந்தவர் ஒருவர் விடை தருகிறார். ஆங்கில வழக்கில் கேட்பவர் மறைந்துவிட்டார். விடை ஆணையாகவும், ஆணை அச்சுறுத்தலாகவும் மாறிவிட்டது. இந்த மாற்றம் நம் குடும்பங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதையும், அதில் நமக்குள்ள பங்கு என்ன என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நம் பிள்ளைகளில் பலர் இன்று ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வெளியூர்க் கல்லூரிகளிலும் கற்று, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றுகின்றனர். இவர்களுள் பலருக்கு மார்க்கச் சொற்கள் மதரஸா வழியே வருமுன் ஆங்கிலச் செய்தி வழியே வந்துவிடுகின்றன. 'ஃபத்வா' என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது ஒரு மிரட்டலேயன்றி, ஒரு வினாவும் விடையும் அல்ல. இதன் விளைவு சிறிதன்று. தந்தையின் சொத்தில் தனக்குரிய பங்கைப் பற்றி ஐயமுள்ள ஒரு பெண்பிள்ளை, 'ஃபத்வா கேட்டால் ஊரில் என்னவென்று பேசுவார்களோ' என்று அஞ்சி வாய்மூடியிருக்கக்கூடும். வங்கிக் கடனைப் பற்றி ஐயமுள்ள இளைஞர், ஆலிமிடம் செல்லக் கூசி, கைப்பேசியில் முகம் தெரியாத ஒருவரின் காணொளியைப் பார்த்து முடிவெடுக்கக்கூடும். சொல்லின் மீது படிந்த அச்சம் கேள்வியை அடைத்துவிடுகிறது. கேள்வி அடைபட்ட வீட்டில் மார்க்கம் வழக்கமாக மட்டுமே எஞ்சும்.

திருமறையில் இச்சொல்

ஃபத்வாவின் வேர்ச்சொல் திருக்குர்ஆனிலேயே இடம்பெறுகிறது. அது வரும் இடங்களை நோக்கினால் நம் உள்ளம் தெளிவு பெறும்.

அந்நிஸா அத்தியாயத்தின் 127-ஆம் வசனத்தில், பெண்கள் விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மக்கள் ஃபத்வா கேட்பதாகவும், அதற்கு அல்லாஹ்வே விடையளிப்பதாகவும் கூறப்படுகிறது. அநாதைப் பெண்களுக்கும் பலவீனமான சிறுவர்களுக்கும் உரியதைக் கொடுத்துவிடுவதைப் பற்றிய வசனம் அது. அதே அத்தியாயத்தின் இறுதி வசனமான 176-ஆம் வசனத்திலும் மக்கள் ஃபத்வா கேட்கின்றனர். பெற்றோரும் மக்களும் இன்றி இறந்தவரின் சொத்தில் உடன்பிறந்தோர்க்கு என்ன பங்கு என்பது அங்குள்ள வினா. இரண்டு இடங்களிலும் முதலில் கேள்வி நிற்கிறது. அதன்பின்னரே விடை வருகிறது. இரண்டிலும் விடையின் பயன் உரிமை இழக்கக்கூடிய எளியோரைச் சென்றடைகிறது.

யூசுஃப் அத்தியாயத்தில் எகிப்தின் மன்னர் தாம் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்கும்போதும் இதே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அவையினரால் விளக்க இயலவில்லை. சிறையிலிருக்கும் யூசுஃப் (அலை) அவர்களிடம் ஆள் சென்று அதே சொல்லால் கேட்கிறார். கேட்பவர் அரியணையில் இருக்கிறார். விடையளிப்பவர் சிறையில் இருக்கிறார். அவரிடம் இருந்தது அறிவு மட்டுமே. அவ்வறிவு ஒரு நாட்டையே பஞ்சத்திலிருந்து காத்தது.

அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசி, ஸுலைமான் (அலை) அவர்களின் கடிதம் வந்தபோது தம் பிரதானிகளிடம் இதே சொல்லால் கருத்துக் கேட்கிறார். அவர்கள் தங்கள் படைவலிமையை எடுத்துரைத்துவிட்டு, முடிவு அரசியுடையது என்று கூறி ஒதுங்கிக்கொள்கின்றனர். கருத்துரைத்தவர்கள் அவர்கள், முடிவெடுத்தவர் அரசி. ஃபத்வா என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

நபிமொழிகளிலும் இதுவே காணப்படுகிறது. பயணத்தில் தலையில் காயமுற்றிருந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று அவர் உடன் வந்தவர்களிடம் வினவ, தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் வருந்தி, அறியாதபோது அவர்கள் கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்பதே என்றும் கண்டித்ததாக அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளது. தகுதியற்றவர் தரும் விடை உயிரையே பறிக்கும் என்பதும், கேட்பது ஓர் அமல் என்பதும் இந்நிகழ்ச்சியின் பாடங்களாகும்.

முஃப்தியும் காழியும்

மார்க்கச் சட்ட நூல்கள் இரு பொறுப்புகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. காழி என்பவர் நீதிபதி. இரு தரப்பையும் அழைத்து, சாட்சிகளை விசாரித்து, உண்மை எது எனக் கண்டறிந்து தீர்ப்பளிப்பவர். அத்தீர்ப்பை நிறைவேற்ற அரசு உண்டு. முஃப்தி என்பவர் விசாரிப்பவர் அல்லர். தம் முன் வைக்கப்பட்ட வினா உண்மையாக இருக்குமாயின் மார்க்கச் சட்டம் இன்னது என்று விளக்குபவர். அவரிடம் காவலரும் இல்லை, சிறையும் இல்லை.

உதுமானியப் பேரரசில் ஃபத்வா கேட்போரின் பெயரை எழுதாமல், ஸைது, அம்ரு, ஹிந்தா போன்ற பொதுப் பெயர்களை இட்டு வினாவை அமைப்பது மரபாக இருந்தது. "ஸைது என்பவர் இறந்து, ஹிந்தா என்னும் மனைவியை விட்டுச்சென்றால்" என்று வினா இருக்கும். பல வேளைகளில் விடை ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லாகவே இருக்கும். ஃபத்வா ஒரு மனிதரைக் குறிவைப்பதன்று, ஒரு வினாவுக்கு விடை தருவது என்பதை இம்மரபு நன்கு உணர்த்துகிறது.

நம் வட்டாரத்திலேயே இதன் இயல்பைக் காணலாம். கடற்கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினரும் மிகுதியாக வாழ்வது தமிழகத்தின் பொதுவான அமைப்பு. இறால் உண்ணலாமா என்று ஷாஃபிஈ குடும்பத்தவர் கேட்டால் தடையின்றி உண்ணலாம் என்பதே விடை. ஹனஃபி ஆலிம்களிடையே இறால் மீன் வகையைச் சேர்ந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே விடையும் வேறுபடும். வெளிநாட்டில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவருக்கு ஊரில் ஜனாஸாத் தொழுகை தொழலாமா என்ற வினா, கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு அடிக்கடி எழுவது. ஷாஃபிஈ மத்ஹபில் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் இல்லை. ஒரே வினாவுக்கு இரு விடைகள், இரண்டும் மதிக்கத்தக்கவை. ஃபத்வா அரச ஆணையாக இருப்பின் இது எவ்வாறு இயலும்? வெள்ளாற்றங்கரையில் ஒரு விடையும் வீராணம் ஏரிக்கரையில் மற்றொரு விடையும் பெற்று, இரு குடும்பத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம்.

அங்ஙனமாயின் ஃபத்வா வெறும் கருத்துத்தானே, விரும்பினால் ஏற்கலாம், இல்லையேல் தள்ளலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தேநீர்க் கடையில் ஒருவர் நோயைப் பற்றிக் கூறுவதும் கருத்துத்தான். மருத்துவர் கூறுவதும் கருத்துத்தான். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை உட்கொள்ளாவிட்டால் காவலர் எவரும் வந்து பிடிப்பதில்லை. ஆயினும் நாம் உட்கொள்கிறோம். அவரது கல்வியையும் நேர்மையையும் நம்புவதும், உயிர் நம்முடையது என்பதும் அதற்குக் காரணம். ஃபத்வாவின் கட்டுப்பாடும் அத்தகையதே. அது மனச்சான்றைக் கட்டுப்படுத்துகிறது. கையையும் காலையும் கட்டுவதில்லை. மக்கள் என்ன விடை தந்தபோதும் உன் உள்ளத்தையும் கேட்டுப்பார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாபிஸா (ரழி) அவர்களுக்கு அறிவுறுத்தியதும் இதனாலேயே.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பயணம்

ஆங்கிலத்துக்கு இச்சொல் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே உதுமானிய நாட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் துருக்கிய ஒலிப்பில் இதனை ஆண்டனர். பின்னர் நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நீதிமன்றங்களில் இது அன்றாட அலுவல் சொல்லாக இருந்தது. வங்காளத்திலும், 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களுக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். குற்ற வழக்குகளில் விசாரணை முடிந்தபின் அவ்வலுவலர் தம் ஃபத்வாவை எழுதித் தருவார். தண்டனையை அறிவிப்பவர் நீதிபதியே. நீதிபதிக்கு அதில் உடன்பாடு இல்லையெனில் வழக்கு மேல்மன்றத்துக்குச் செல்லும். 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டத்தால் இப்பதவிகள் நீக்கப்படும்வரை, ஆங்கிலம் அறிந்த நீதிபதிகளுக்கு ஃபத்வா என்பது சட்டம் அறிந்தவரின் கருத்துரை என்றே பொருள்பட்டது.

அதன்பின்னரும் இச்சொல்லுக்கு நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு நல்ல இடம் கிடைத்தது. கணவன் காணாமற்போன பெண்ணின் நிலை அக்காலத்தில் மிகவும் கொடியதாக இருந்தது. ஹனஃபி மத்ஹபின் பழைய சட்டப்படி, அவனது வயதையொத்தோர் இறக்கும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். கொடுமை தாளாமல் மணமுறிவுக்காக மார்க்கத்தையே விட்டுவிடும் நிலைக்குப் பஞ்சாப் போன்ற பகுதிகளில் சில பெண்கள் தள்ளப்பட்டனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் 1930-களின் தொடக்கத்தில் மாலிகி மத்ஹபு ஆலிம்களின் கருத்தைக் கேட்டுப் பெற்று, இடருற்ற பெண்கள் அம்மத்ஹபின் சட்டப்படி விடுதலை பெறலாம் என்று விளக்கி 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலை வெளியிட்டார்கள். இதன் வழியே பிறந்ததே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிடில் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு பெறலாம் என்பது அதன் முதற் காரணமாக இடம்பெற்றது. அம்மசோதாவின் நோக்கவுரையில், உலமாக்கள் ஃபத்வா வழங்கியிருப்பது வெளிப்படையாகவே எடுத்துக் கூறப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் இந்தியச் சட்ட ஆவணத்தில் ஃபத்வா என்னும் சொல் துயருற்ற பெண்ணின் பக்கம் நின்றது. கப்பலேறிச் சென்ற கணவன் திரும்பாத துயரத்தை அறிந்த நம் கரையோர ஊர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1989 பிப்ரவரி 14 அன்று நிலைமை மாறியது. ஆங்கில நாவலாசிரியர் சல்மான் ருஷ்டிக்கு எதிராக ஈரானின் ஆயத்துல்லாஹ் கொமெய்னி விடுத்த கொலை அறிவிப்பு ஃபத்வா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அந்நாவல் முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தியது உண்மை. எனினும், விசாரணையின்றி ஒருவரைக் கொல்லுமாறு கூறுவது முஃப்தியின் பணியன்று என்று ஆலிம்கள் பலர் அப்போதே எடுத்துரைத்தனர். அவர்களது குரல் செய்திகளில் உரத்து ஒலிக்கவில்லை. அன்றுமுதல் ஆங்கிலத்தில் இச்சொல்லின் நிழல் மாறிவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களும் கண்டனத்தையும் தடையையும் கேலியாகக் குறிக்க இதனை ஆளத் தொடங்கினர்.

நீதிமன்றங்கள் கூறியவை

சொல் பிறழ்ந்தால் வாழ்வு எவ்வாறு பாதிக்கப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன.

2005-இல் உத்தரப் பிரதேசத்தில் மாமனாரால் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணைப் பற்றி ஒரு ஃபத்வா வெளிவந்து நாடெங்கும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. அதனைக் கேட்டவர் அப்பெண் அல்லர், ஒரு பத்திரிகையாளர். பாதிக்கப்பட்டவர் கேளாத ஒரு வினாவுக்குத் தரப்பட்ட விடை, அவரது வாழ்வின் மீது தீர்ப்பாக இறங்கியது. இதனையொட்டி எழுந்த வழக்கில் 2014 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபத்வா என்பது அறிந்தவரின் கருத்து. அதற்குச் சட்ட வலிமை இல்லை. அது எவரையும் கட்டுப்படுத்தாது. அதனை வலிந்து திணிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிபதிகள் கூறினர். ஃபத்வா வழங்குவதே குற்றம் என்று அவர்கள் கூறவில்லை. தொடர்பற்ற ஒருவர் கேட்கும்போது தனிமனிதரின் உரிமையைப் பற்றி ஃபத்வா வழங்குவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினர். இத்தீர்ப்பைச் சிலர் மார்க்கத்தின் மீதான தாக்குதலாகக் கருதினர். நம் பார்வையில், முஃப்தியையும் காழியையும் பிரித்துக் காட்டும் நம் பழைய நூல்களுக்கு இத்தீர்ப்பு பெரும்பாலும் அண்மையிலேயே நிற்கிறது.

2018 ஆகஸ்டில் உத்தராகண்டில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணின் குடும்பத்தை ஊரைவிட்டு விலக்குமாறு ஓர் ஊர்ப் பஞ்சாயத்து முடிவெடுத்தது. நாளேடு அதனை ஃபத்வா என்று எழுதியது. அச்செய்தியைக் கண்ட அம்மாநில உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் ஃபத்வாக்களுக்குத் தடை விதித்தது. பஞ்சாயத்தின் கொடுமைக்கும் முஃப்தியின் விடைக்கும் வேறுபாடு உண்டு என்று மேல்முறையீடு செய்யப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. ஒரு சொல்லைத் தவறான இடத்தில் இட்டதால், தொழுகையைப் பற்றிய ஐயத்துக்கு விடை கேட்கும் எளிய மனிதரின் வழியும் சில வாரங்கள் ஐயத்துக்குள்ளானது.

நம் கைகளாலும் படிந்த அழுக்கு

குற்றத்தை ஆங்கில நாளேடுகளின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிவிட இயலாது. தமிழில் இச்சொல்லை நாம் எவ்வாறு பெயர்த்துள்ளோம் என்று பாருங்கள். 'மார்க்கத் தீர்ப்பு' என்று நம் இதழ்களும் நூல்களும் நெடுங்காலமாக எழுதி வருகின்றன. தீர்ப்பு என்பது காழியின் சொல், நீதிமன்றத்தின் சொல். மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் வழங்கப்படுவது தீர்ப்பு. மதரஸாவில் ஆலிம் எழுதித் தருவதையும் தீர்ப்பு என்றே நாம் அழைத்தால், கேட்கும் அயலார் இது ஒரு போட்டி நீதிமன்றம் என்றுதானே எண்ணுவர்? ஆங்கிலம் செய்த பிழையை நாம் தமிழில் முன்னரே செய்து வைத்திருக்கிறோம்.

அதனினும் கவலைக்குரியது வேறொன்று. சில ஊர்களில் ஜமாஅத் நிர்வாகம் எடுக்கும் முடிவுகள் ஃபத்வா என்ற போர்வையில் உலவுகின்றன. இன்னாரின் திருமணத்துக்குச் செல்லக் கூடாது, இன்னாரின் குடும்பத்துக்குத் தஃப்தர் இல்லை என்பன நிர்வாகத்தின் முடிவுகள். அவை சரியோ தவறோ, அவற்றுக்கு அந்நிர்வாகமே பொறுப்பு. அதனை மார்க்கத்தின் பெயரால் கூறுவது முஃப்தியின் மீதும் மார்க்கத்தின் மீதும் பழியை ஏற்றுவதாகும். ஊர்விலக்கு ஒரு வினாவுக்குரிய விடை அன்று. அதனை எவர் ஃபத்வா என்று அழைத்தாலும், அவர் அந்நாளேட்டின் பிழையையே தம் ஊரில் மெய்யாக்குகிறார்.

மூன்றாவது, நம் கைப்பேசிகள். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து குவியும் ஃபத்வாக்களில் பெரும்பாலானவற்றில் வினா இருப்பதில்லை. எவர் கேட்டார், எந்நாட்டில் கேட்டார், எம்மத்ஹபினர், அவரது நெருக்கடி என்ன என்பன வெட்டப்பட்டு விடை மட்டும் வருகிறது. பிறருடைய நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டை எடுத்து நாம் மருந்துண்பதில்லை. பிறருடைய வினாவுக்குத் தரப்பட்ட விடையை மட்டும் நம் வீட்டின் மீது ஏன் சுமத்த வேண்டும்?

இச்சொல்லையே கைவிட்டுவிடலாமே என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். அவர்களது மனவேதனை நமக்குப் புரிகிறது. எனினும் இது திருமறையின் சொல். நாம் கைவிட்டால் அது மறைந்துவிடாது. அதனைத் திரித்து ஆள்பவர்களிடமே முழுமையாகச் சென்று சேரும். கைவிடுவதைவிட மீட்பதே நம் கடமை. மீட்பதற்கு உரிய வழி சரியாக ஆள்வதே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, தமிழில் 'மார்க்கத் தீர்ப்பு' என்பதை விட்டு 'மார்க்க விளக்கம்' என்று எழுதுவோம், பேசுவோம். நம் ஜும்ஆ உரைகளிலும் மாத இதழ்களிலும் இம்மாற்றம் தொடங்கினால் ஒரு தலைமுறைக்குள் வழக்காகிவிடும். ஆங்கிலத்தில் எழுத நேரும் நம் மாணவர்கள், கட்டளை என்று பொருள்படும் சொல்லைத் தவிர்த்து, ஒரு வினாவுக்கு மார்க்கச் சட்ட அறிஞர் தரும் கருத்துரை என்று விளக்கி எழுதட்டும். 'எவருக்கு எதிராக' என்று கேட்கும் நண்பரிடம், 'எவர் கேட்டார்' என்று திருப்பிக் கேட்கட்டும். அவ்வொரு கேள்வியே பாதி விளக்கமாகிவிடும்.

இரண்டாவதாக, ஜமாஅத்தின் முடிவு ஜமாஅத்தின் முடிவாகவே அறிவிக்கப்படட்டும். அதற்கு ஃபத்வா என்ற பெயர் வேண்டாம்.

மூன்றாவதாக, கேட்கும் பழக்கத்தை நம் வீடுகளில் மீண்டும் வளர்ப்போம். லால்பேட்டையில் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து விளங்கும் ஜாமிஆ மன்பவுல் அன்வார் நம் வட்டாரத்துக்கு அல்லாஹ் அளித்த பெரும் பேறு. அங்குப் பயின்ற மன்பயீ ஆலிம்கள் தமிழகத்தின் பல ஊர்களில் பணியாற்றுகின்றனர். கைக்கெட்டும் தொலைவில் இத்தகைய கல்வி இருக்க, முகம் தெரியாதவரின் காணொளியை நாடுவது ஏரிக்கரையில் நின்றுகொண்டு தாகத்தால் வாடுவதற்கு ஒப்பாகும். கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். உண்மையை முழுமையாகச் சொல்லுங்கள். விடை, நீங்கள் தரும் செய்தியின் மீதே நிற்கிறது. பிடித்த விடை கிடைக்கும்வரை ஆலிம்களை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்டவற்றுள் பலவற்றுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. ஆகவே 'தெரியாது' என்று கூறும் ஆலிமைக் குறைவாக எண்ணாமல், அவரை மேலும் நம்புங்கள்.

நான்காவதாக, நம் பெண்கள் தாமே கேட்க வழி செய்வோம். மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிவதில் நாணத்தைத் தடையாகக் கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். ஆயிஷா (ரழி) அவர்களே நபித்தோழர்களும் நாடிவந்து விளக்கம் கேட்ட பெருமாட்டியாக விளங்கினார்கள். அவர்களைத் தாயாகக் கொண்ட சமுதாயத்தில், ஒரு மகள் தன் பங்கைப் பற்றியோ மணவாழ்வைப் பற்றியோ கேட்பதற்குத் தந்தையின் அல்லது சகோதரனின் நாவை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை நமக்கு அழகன்று. பெண்கள் மதரஸாக்களில் பயின்ற ஆலிமாக்கள் இன்று பல ஊர்களில் உள்ளனர். அவர்கள் வழியாகவேனும் அவ்வினாக்கள் ஆலிம்களைச் சென்றடையட்டும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! ஃபத்வாவை எழுதி முடிக்கும் முஃப்தி, இறுதியில் 'அல்லாஹ்வே மிக அறிந்தவன்' என்று எழுதுவது நம் மரபு. ஆணையிடுபவர் எவரும் தம் ஆணையின் அடியில் அவ்வாறு எழுதுவதில்லை. தம் அறிவின் எல்லையை உணர்ந்து, இறைவனின் அறிவின் முன் பணிந்து தரப்படும் விடையே ஃபத்வா. அப்பணிவை இச்சொல்லுக்கு மீட்டுத் தருவதும், நம் பிள்ளைகள் அச்சமின்றிக் கேட்கும் வீடுகளை அமைப்பதும் நம் கையில் உள்ளன.

அறியாதவற்றைக் கேட்டறியும் உள்ளத்தையும், அறிந்தவற்றின்படி நடக்கும் உறுதியையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் வழங்குவானாக! ஆமீன்.